உடம்பு செவப்பா இருக்கான்னு பாருங்க

ஒண்ணு போலவே இருக்குற வண்ணத்துப்பூச்சிங்கள எப்படிப் பிரிச்சுப் பாக்குறதுன்னுதான் எழுத வந்தேன். போன மாசம் அதுல ஒரு சின்ன அசிங்கம் நடந்துச்சு, அத மொதல்ல சொல்லிட்டு அப்புறம் மத்ததுக்கு வரேன்.

ஞாயித்துக்கெழம காலைல பசங்க ரெண்டு பேரையும் இழுத்துக்கிட்டு இங்க சிங்கப்பூர்ல சாங்கி பாயிண்ட் படகுத்துறைக்குப் போயி, 12 பேரு சேர்ற வரைக்கும் பெஞ்சுல உக்காந்து, படகு ஏறி உபின் தீவுக்குப் போனோம். கூட என் தோழியோட குடும்பம். அங்க பட்டர்ஃபிளை ஹில்னு ஒரு மேடு இருக்கு, வண்ணத்துப்பூச்சிக்குன்னே செடி பாத்துப் பாத்து நட்டு உருவாக்குன எடம். நமக்குத்தான் கொஞ்சம் தெரிஞ்சாலே வாய் சும்மா இருக்காதே. கறுப்பா பெருசா ஒண்ணு, பின் றெக்கைல வெள்ளைத் திட்டு, ஓரத்துல செவப்புப் பொட்டு, வாலோட மெதுவா மெதக்குற மாதிரி பறந்து வந்துச்சு. உடனே நான் டீச்சர் மாதிரி ஆரம்பிச்சேன், "இதான் காமன் ரோஸ், 2015ல நேச்சர் சொசைட்டி ஓட்டெடுப்பு வெச்சப்ப நம்ம தேசிய வண்ணத்துப்பூச்சியா இருக்கணும்னு மக்கள் தேர்ந்தெடுத்தது இதத்தான்"னு. தோழி வாயப் பொளந்து கேக்குறா. பின்னாடி ஒரு சீனப் பையன், பத்து வயசு இருக்கும், தாத்தாவோட வந்திருக்கான், கழுத்துல அவன விட பெரிய பைனாகுலர். ரொம்ப மரியாதையாதான் சொன்னான், "ஆன்ட்டி, நாட் ரோஸ் லா. பாடி பிளாக்."

பாத்தேன். பாடி பிளாக்தான்.

அது காமன் மோர்மன். பொம்பள மோர்மன். ரோஸ் மாதிரி வேஷம் போட்டுக்கிட்டு சுத்துறது. தோழி சிரிச்ச சிரிப்பு படகுல திரும்பி வர்ற வரைக்கும் ஓயல. இதுல கொடும என்னன்னா இந்த விஷயம் எனக்குத் தெரியாதது இல்ல, நாலு வருஷமா போட்டோ எடுக்குறேன், எங்க வீட்டு காரிடார்லயே மோர்மன் பொறந்து வளந்து பறந்திருக்கு, இருந்தும் அந்த செவப்புப் பொட்டப் பாத்ததும் கண்ணு அங்கயே நின்னு போச்சு, உடம்புக்குப் போகவே இல்ல.

அன்னிக்கு வீட்டுக்கு வந்து பழைய போட்டோ எல்லாத்தையும் எடுத்து வெச்சுக்கிட்டு பாத்தப்பதான் ஒண்ணு உறைச்சுச்சு. ரெண்டு பூச்சி ஒண்ணு போல இருந்தா, எது பளிச்சுன்னு கண்ணுக்குப் படுதோ அதுலதான் ரெண்டும் ஒண்ணா இருக்கும். அதுலதான நம்மள ஏமாத்தணும். வித்தியாசம் கெடக்குறது எங்கயோ ஒரு மூலைல, யாரும் பாக்காத எடத்துல. அதனால இப்பல்லாம் முழுப் படத்தையும் மனப்பாடம் பண்றத விட்டுட்டேன். ஒவ்வொரு ஜோடிக்கும் ஒரே ஒரு அடையாளம், அத மட்டும் வெச்சிருக்கேன்.

ரோஸ் - மோர்மனுக்கு அந்த அடையாளம் றெக்கைலயே இல்ல, உடம்புல இருக்கு. காமன் ரோஸுக்குத் தலை, நெஞ்சோட பக்கவாட்டு, வயிறு எல்லாம் குங்குமம் அப்புன மாதிரி செவப்பு. மோர்மனுக்கு உடம்பு கறுப்பு, அவ்ளோதான். றெக்கையப் பாத்தா வெள்ளைத் திட்டு, செவப்புப் பிறை, வாலு, எல்லாம் காப்பி அடிச்சு வெச்சிருக்கும், பறக்குற விதத்தக் கூட அந்த சோம்பேறித்தனமான ஸ்டைல்லதான் பறக்கும், ஆனா கையத் தட்டி பயமுறுத்துனா வேஷத்த மறந்துட்டு விர்ருனு போயிடும். ரோஸுக்கு அந்த அவசரம் இல்ல. புழுவா இருக்கும்போதே ஈஸ்வரமூலி வகைக் கொடிய தின்னு அதுல உள்ள விஷத்த உடம்புல சேத்து வெச்சிருக்கும், ஒரு தடவ கொத்துன பறவ மறுபடி கிட்ட வராது. மோர்மனுக்கு அந்த விஷம் கெடையாது, அதனால உடுப்ப மட்டும் கடன் வாங்கிக்குது.

இதுல இன்னொரு கூத்து, எல்லா பொம்பள மோர்மனும் இப்படி இல்ல. சிலது ஆம்பள மாதிரியே இருக்கும், முழுக் கறுப்பு, பின் றெக்கைல குறுக்கால வெள்ளைப் பொட்டு வரிசை. ஒரே அம்மா வயித்துல ரெண்டு மாதிரியும் பொறக்கலாம். ஆம்பளைங்க வேஷமே போடுறது இல்ல. பழைய காலத்துல இத ஆம்பளைக்கு ஒரு பேரு, பொம்பளைக்கு ஒரு பேருன்னு வெச்சு தனித்தனி இனம்னே எழுதி வெச்சிருந்தாங்க. 1854ல சிங்கப்பூர் வந்து புக்கிட் தீமா காட்டுல வண்டு புடிச்சுக்கிட்டு திரிஞ்சாரே ஆல்ஃபிரட் ரசல் வாலஸ், அவருதான் 1865ல மலாய்த் தீவுகள் பக்கத்து வண்ணத்துப்பூச்சிங்களப் பத்தி எழுதுறப்ப இதெல்லாம் ஒரே இனத்தோட பொம்பளைங்கதான்யா, வேற வேற உடுப்புன்னு எடுத்துச் சொன்னது. டெய்ரி ஃபார்ம் பார்க்குல அவரு பேர்ல நடைபாதையே இருக்கு, நடந்திருப்பீங்க. அப்புறம் 2014ல இந்தியா, அமெரிக்கா ஆளுங்க சேந்து நேச்சர் ஜர்னல்ல போட்டாங்க, இந்த வேஷம் போடுறத முடிவு பண்றது டபுள்செக்ஸ்னு ஒரே ஒரு மரபணுன்னு. பூச்சிங்கள்ல ஆணா பொண்ணான்னு உடம்ப வளக்குறதுல வேலை செய்யிற மரபணு அது, அதையே மேக்கப்புக்கும் வெச்சிருக்கு. சிக்கனம்.

சரி எங்க காரிடார் கதைக்கு வரேன்.

எங்க அத்தை, மாமியாரத்தான் சொல்றேன், பட்டுக்கோட்டை பக்கம். எங்க வீவக அடுக்குமாடி வீட்டு வாசல்ல அவங்களுக்குன்னு ஒரு ராஜ்யம், துளசி, ஓமவல்லி, பெரிய தொட்டில கறிவேப்பிலை. கறிவேப்பிலைல புழு வந்தா விரலால சுண்டி விட்டுடுவாங்க, அதுல எந்த யோசனையும் கெடையாது. சின்னதா இருக்கும்போது அந்தப் புழு பாக்க காக்கா எச்சம் மாதிரி, கறுப்பும் வெள்ளையும், அதான் அதுக்குப் பாதுகாப்பு, ஆனா அத்தைக்கு எச்சமும் ஆகாது புழுவும் ஆகாது. வளந்ததும் பச்சையாயிடும், தொட்டா தலைக்குப் பின்னாலருந்து கவட்டை மாதிரி ஒரு கொம்ப நீட்டும், ஒரு நாத்தம் வரும் பாருங்க, அழுகுன எலுமிச்சம்பழத்துல வெனிகர் ஊத்துன மாதிரி. என் சின்னவன் அத நாலு தடவ தொட்டுட்டு கை கழுவாம பிராட்டா சாப்ட்டான், அது வேற கதை.

மொத தடவ மூணு புழுவ அத்தைகிட்ட கெஞ்சிக் காப்பாத்தி டப்பால வெச்சேன். தொட்டி எல எல்லாம் தீந்து போச்சு, பசிக்குதேன்னு ஒரு கடைல கறிவேப்பிலை வாங்கிட்டு வந்து போட்டேன். மறுநாள் காலைல மூணும் சுருண்டு கெடந்துச்சு. அடிச்ச மருந்து எலைல இருந்திருக்கும், நல்லா அலசிதான் போட்டேன், இருந்தும். எந்தக் கடைன்னு சொல்லப்போறது இல்ல, எல்லாக் கடையிலயும் இதான் நெலமன்னு நெனைக்கிறேன். வளக்குறவங்க தயவுசெஞ்சு கடை எலையப் போடாதீங்க. அதே மாதிரி பார்க்குலருந்து புழுவத் தூக்கிட்டு வராதீங்க, அது சட்டப்படி தப்பு. உங்க வீட்டுச் செடிக்கு அதுவா வரும்.

ரெண்டாவது தடவ தொட்டியவே வலை போட்டு மூடிட்டேன். ஒரு புழு மட்டும் எப்படியோ தப்பிச்சு, துணி காயப்போடுற மூங்கில் கழில ஏறி, அங்கயே கூட்டுப்புழுவா தொங்கிடுச்சு. நடுவுல ஒரே ஒரு பட்டு நூலு, போஸ்ட் மரம் ஏறுறவரு இடுப்புல பெல்ட் மாட்டியிருப்பாருல்ல அப்படி. பத்து நாள் கிட்ட அந்தக் கழில யாரும் துணி போடக் கூடாதுன்னு நான் போட்ட சட்டத்துல வீட்டுல பெரிய சண்டை. ஒரு நாள் காலைல ஏழு மணி, வேலைக்குக் கெளம்புறேன், கூடு கண்ணாடி மாதிரி ஆயி உள்ள செவப்பு தெரியுது. பைய கீழ வெச்சிட்டேன். தலைப்பக்கம் வெடிச்சு, நனைஞ்ச கர்ச்சீப்ப கசக்கி வெச்ச மாதிரி றெக்கையோட வெளிய வந்துச்சு, கழியப் புடிச்சுக்கிட்டு தொங்குது, வயித்த அமுக்கி அமுக்கி றெக்கைக்குள்ள தண்ணி ஏத்துற மாதிரி ஏத்துது, ஒவ்வொரு மடிப்பா விரியுது. வெள்ளைத் திட்டு வந்துச்சு. செவப்புப் பிறை வந்துச்சு. ஆகா ரோஸுன்னு கத்தப் போனேன், அத்தை பக்கத்துல நின்னு பல்லு வெளக்கிக்கிட்டே கேட்டாங்க, "ஏம்மா, கறிவேப்பிலை தின்னதுதான இது?"

அதான் பாயிண்டே. ரோஸ் கறிவேப்பிலையத் தொடாது. மோர்மன் நாரத்தை, எலுமிச்சை, கறிவேப்பிலைக் குடும்பம். தமிழ்நாட்டுல மோர்மனுக்கு கறிவேப்பிலை அழகின்னே பேரு வெச்சிருக்காங்கன்னு அப்புறம்தான் தெரிஞ்சுது, எவ்ளோ பொருத்தம் பாருங்க. உடம்பப் பாத்தேன், கன்னங்கரேல்னு இருந்துச்சு. அன்னிக்கு ஆபீஸுக்கு 40 நிமிஷம் லேட்டு. இவ்ளோத்தையும் கண்ணால பாத்துட்டு நான் உபின்ல போயி ஏமாந்தேன்னா யாருகிட்ட சொல்ல.

அடுத்து எருக்கு. விநாயகர் சதுர்த்தி சமயத்துல அத்தைக்கு எருக்கம்பூ மாலை கட்டணும், எனக்கு அந்தச் செடில புழு இருக்கான்னு பாக்கணும், ரெண்டு பேரும் ஒண்ணாதான் போவோம். கறுப்பு வெள்ளை மஞ்சள்னு பட்டை பட்டையா, முதுகுல மூணு ஜோடி கறுப்பு மீசையோட புழு இருந்தா அது பிளெய்ன் டைகர். வெந்தய வரியன்னு ஒரு பேரு இதுக்கு இருக்கு, அந்த ஆரஞ்சு நெறத்துக்கு அப்படியே ஒட்டுது. எருக்கம்பால்ல உள்ள விஷம் இதுக்குள்ளயும் ஏறிடும், அதனால இதையும் காப்பி அடிக்க ஆளு இருக்கு.

பிளெய்ன் டைகர்ல இங்க ஒரு குழப்பம் என்னன்னா, நம்ம ஊருல முழு ஆரஞ்சும் உண்டு, பின் றெக்கை மட்டும் வெள்ளையா இருக்குறதும் உண்டு. வெள்ளையா இருக்குறதப் பாத்துட்டு பிளாக் வெய்ன்ட் டைகர்னு சொல்லிடுவாங்க, ஏன்னா அதுக்கும் பின் றெக்கை வெள்ளை. நெறத்த விடுங்க, நரம்பப் பாருங்க. பிளாக் வெய்ன்ட் டைகருக்கும் காமன் டைகருக்கும் நரம்பு ஒவ்வொண்ணும் மார்க்கர் பேனால தடிசா வரைஞ்ச மாதிரி கறுப்பா இருக்கும், பிளெய்ன் டைகருக்கு அந்தக் கோடு கெடையாது, பின் றெக்கை நடுவுல மூணு கறுப்புப் புள்ளி மட்டும். நாலாவதா ஒரு புள்ளி கொஞ்சம் புடைப்பா இருந்தா அது ஆம்பள.

காப்பி அடிக்கிறது டானைட் எக்ஃபிளை, இங்கயும் பொம்பள மட்டும்தான். (ஆம்பள பக்கத்துல நின்னா சொந்தக்காரன்னே சொல்ல மாட்டீங்க, கறுப்புல பெரிய வெள்ளை வட்டம், சுத்தி ஊதா நீலம் மின்னும்.) நான் இது வரைக்கும் ரெண்டே தடவதான் பாத்திருக்கேன், ரெண்டு தடவையும் கட்டடம் கட்டப் போறோம்னு வேலி போட்டு வெச்ச காலி நெலத்து ஓரமா, அங்க தரையோட பருப்புக்கீரை மண்டிக் கெடந்துச்சு, நாம கூட்டு வெக்கிறோமே அதேதான், அதுலதான் இது முட்டை போடும். அடையாளம்: பின் றெக்கைல மூணு புள்ளி இருக்காது, மேல் ஓரத்துல ஒண்ணே ஒண்ணு. எண்ணுனா போதும். மூணுன்னா எருக்கு, ஒண்ணுன்னா கீரை.

தூரத்துலருந்து பாத்தா டானி கோஸ்டரையும் இதுங்களோட சேத்துக் குழப்பிக்கலாம். அது ஆரஞ்சுதான், ஆனா றெக்கை ஒல்லியா நீளமா, பின் றெக்கையச் சுத்தி கறுப்பு பார்டர், பார்டருக்குள்ள வெளிர் பொட்டு. இது நம்ம ஆளு, இந்தியா, சிலோன் பக்கத்து வாசி, தாய்லாந்து மலேசியா வழியா மெல்ல எறங்கி 2006ல சிங்கப்பூர் வந்துச்சு, 2012ல ஆஸ்திரேலியா போயிடுச்சு. பறக்குறதப் பாத்தா நம்பவே மாட்டீங்க, பஸ் ஸ்டாப் வரைக்கும் கூட போகாதுன்னு தோணும். என் தம்பி மாதிரி, இங்க பிஆர், அதான் நிரந்தரவாசம், எடுத்துட்டு பெர்த்துக்கு போயிட்டான்.

இப்ப மஞ்சள். கிராஸ் யெல்லோ.

இதப் பத்திப் பேசுனாலே எனக்கு எரிச்சல் வரும். புளோக்குக்குக் கீழ புல்லுல, எம்ஆர்டி டிராக் ஓரத்துல, எங்க பாத்தாலும் சின்னச் சின்ன மஞ்சள் பூச்சி பறக்குதுல்ல, அது எல்லாம் ஒண்ணு இல்ல. காமன், த்ரீ ஸ்பாட், சாக்லெட், ஆண்டர்சன்ஸ், நோ பிராண்ட்னு வரிசையா இருக்கு. நோ பிராண்ட்னு நான் கிண்டலுக்குச் சொல்லல, பேரே அதான். வித்தியாசம் எங்கன்னா முன் றெக்கையோட அடிப்பக்கம், உடம்ப ஒட்டி நரம்பு வேலி கட்டுன ஒரு அறை இருக்கும், செல்னு சொல்வாங்க, அதுக்குள்ள எத்தன புள்ளி. ரெண்டுன்னா காமன். மூணுன்னா த்ரீ ஸ்பாட். ஒண்ணுன்னா சாக்லெட் இல்ல ஆண்டர்சன்ஸ், அதுல றெக்கை நுனில சாக்லெட் ஈஷுன மாதிரி பெரிய பழுப்புத் திட்டு இருந்தா சாக்லெட். ஒண்ணுமே இல்லன்னா நோ பிராண்ட்.

கேக்க சுலபமா இருக்கா? இது உக்காந்தா றெக்கைய மூடித்தான் உக்காரும், மூடுனா பின் றெக்கை வந்து கரெக்டா அந்த அறைய மறைச்சுக்கும். வேணும்னே பண்ற மாதிரி இருக்கும். போன வருஷம் நான் எடுத்த மஞ்சள் போட்டோ 200க்கு மேல, அதுல புள்ளி எண்ண முடிஞ்சது எத்தனன்னு கேக்காதீங்க. நான் கத்துக்கிட்டது ரெண்டு வித்தை. ஒண்ணு, மழை விட்டதும் ஈர மண்ணுல உறிஞ்சிக் குடிக்கக் கூட்டமா எறங்கும், அப்ப ஒண்ண ஒண்ணு இடிச்சுக்கிட்டு நகரும்போது முன் றெக்கைய லேசா தூக்கும், அந்த அரை செகண்டுக்குத்தான் காத்திருக்கணும், முட்டி போட்டு, எறும்பு கடிச்சாலும் அசையாம. ரெண்டாவது, முட்டை. காமன் ஒண்ணு ஒண்ணா போடும், த்ரீ ஸ்பாட் ஒரே எடத்துல கொத்தா போட்டுடும், புழுவும் கும்பலா ஒண்ணா மேயும், அடுத்த புளோக் கார்பார்க் பக்கத்துல ஒரு சின்ன மஞ்சக்கொன்னைக் கன்ன நாலு நாள்ல மொட்டையடிச்சத பாத்திருக்கேன். அங்க சுத்துற மஞ்சளுக்குப் புள்ளி எண்ண வேண்டிய அவசியமே இல்ல.

ரிங்குங்க பத்தி ஒரு வரி. புல்லுல தத்தித் தத்தி பறக்குற பழுப்புக் குட்டிங்க, த்ரீ ரிங், ஃபோர் ரிங், ஃபைவ் ரிங்னு பேர்லயே விடை இருக்கு, பின் றெக்கை அடிப்பக்கம் வட்டத்த எண்ணுங்க, முன் றெக்கைல இருக்குற பெரிய வட்டத்த சேக்காதீங்க, மூலைல ஒட்டிக்கிட்டு ரெட்டையா ஒண்ணு இருந்தா அத ஒண்ணாவே எண்ணுங்க. அவ்ளோதான், இதுக்கு மேல அதுல ஒண்ணும் இல்ல.

டார்ட்னு ஒரு கூட்டம், கறுப்புல மஞ்சள் பட்டையோட அம்பு மாதிரி உக்காந்திருக்கும், பொடாந்தஸ் பேரினம். இத றெக்கையப் பாத்து பிரிக்கிறேன்னு யாராவது சொன்னா எனக்கு சந்தேகம்தான். சரியா சொல்லணும்னா பூச்சியக் கொன்னு அறுத்து பொறப்புறுப்ப மைக்ராஸ்கோப்புல பாக்கணும். எனக்கு அந்த அளவுக்குத் தெரிய வேணாம். என் ஃபோல்டர்ல அதுங்க எல்லாத்துக்கும் "ஏதோ டார்ட்"னு ஒரே பேரு.

போட்டோ எடுக்குறவங்களுக்கு ஒண்ணே ஒண்ணு, அழகா வரணும்னு மேலருந்து விரிச்ச றெக்கைய மட்டும் எடுக்காதீங்க. பக்கவாட்டுல ஒண்ணு, உடம்பு தெரியிற மாதிரி ஒண்ணு, எந்தச் செடில உக்காந்துச்சோ அந்த எலை ஒண்ணு. நான் மேல சொன்ன எல்லாத்துக்கும் விடை அந்த மூணுலதான் இருந்துச்சு, விரிச்ச றெக்கைல இல்ல. ஆனா பூவுல தேன் குடிக்க உக்காந்தா அந்த எலையால பிரயோசனம் இல்ல, எல்லாம் எல்லாப் பூவுக்கும் வரும். முட்டை போட வந்து எலைய காலால தட்டித் தட்டிப் பாக்கும் பாருங்க, அப்பத்தான் அது யாருன்னு அதுவே சொல்லுது.

நேத்து சாயங்காலம் எங்க தொட்டிக்கு ஒண்ணு வந்துச்சு. வெள்ளைத் திட்டு, செவப்புப் பிறை, கறுப்பு உடம்பு, இந்த தடவ ஒழுங்கா பாத்தேன். கொழுந்து எலைங்கள்ல ஒண்ணு ஒண்ணா அஞ்சு முட்டை, கடுகு சைஸ்ல வெளிர் மஞ்சளா. அத்தை கதவுகிட்டயே நின்னு பாத்துக்கிட்டிருந்தாங்க, ஒண்ணும் சொல்லல. இன்னிக்கு தேக்கா மார்க்கெட் போனவங்க ஒரு கட்டு கறிவேப்பிலை வாங்கிட்டு வந்து ஃபிரிட்ஜுல வெச்சுட்டு, "ரசத்துக்கு இது. அதுங்களுக்குப் போட்டுறாத"ன்னாங்க.